வட்டத்தில் நிற்பவர்க்கெல்லாம் வேலை உண்டு

1978 மார்ச் மாதம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பிக்கோ புலவார்ட் சாலையருகே, விரைவுச்சாலை மேம்பாலம் ஒன்றின் அடியில் ஒரு சிறு கூட்டம். தலைக்குமேல் கார்கள் இரைந்து ஓடுகின்றன. கீழே வெறும் மண்தரை, பருத்த கான்கிரீட் தூண்கள். தூண்களின் மேற்பகுதியில் பெண்கள் அணியும் நைலான் காலுறைகள் இழுத்து முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. அதே நைலான் துணியில் செய்த தலையணிகளோடு சிலர் நிற்கிறார்கள். வாத்தியக்காரர்கள் ஒத்திகை எதுவுமின்றி அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கிறார்கள். முகத்தையும் உடலையும் துணியால் மறைத்த ஓர் உருவம் நடுவில் சுழன்றாடுகிறது.

அந்த உருவம் கலைஞர் செங்கா நெங்கூடி. நிகழ்வுக்கு அவர் இட்ட பெயர் ‘செரிமனி ஃபார் ஃப்ரீவே ஃபெட்ஸ்’. உடன் ஆடியவர்கள் சிற்பி மேரன் ஹாசிங்கர், ஓவியர் டேவிட் ஹாமன்ஸ். ஹாமன்ஸ் ஆண் ஆவி, ஹாசிங்கர் பெண் ஆவி, இருவரையும் இணைத்துவைக்க வந்தவர் தாம் என்பது நெங்கூடி தந்த விளக்கம். கறுப்பினச் சமூகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே விழுந்திருந்த விரிசலை ஆற்றுவதுதான் அந்தச் சடங்கின் நோக்கம். விரிசல் தானாக விழுந்ததல்ல. 1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் சீரழிவுக்குப் பெண் தலைமையேற்கும் குடும்ப அமைப்பைப் பெரிய காரணமாகக் காட்டியிருந்தது. அரசாங்க முத்திரையோடு வந்த அந்தக் குற்றச்சாட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்து வேலை செய்தது.

இடத்தேர்வும் தற்செயலல்ல. இதே நகரில், சாண்டா மோனிகா விரைவுச்சாலைக்காக 1960களில் ஷுகர் ஹில் என்ற வசதியான கறுப்பினக் குடியிருப்பை நடுவே பிளந்து வீடுகளை இடித்திருந்தார்கள். விரைவுச்சாலை என்றால் வேகம் என்பது அதில் போகிறவர்களுக்கு. அதன் அடியில் வாழ்ந்தவர்களுக்கு அது போன ஊர். அந்தப் புழுதித் தரையில் நெங்கூடி ஓர் ஆப்பிரிக்க ஊரின் சாயலைக் கண்டார். அங்கேயே சடங்கை நடத்தினார்.

ஒலி, திரை, உடலசைவு மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஆற்றுதல் வேலையில் இறங்கிய கறுப்பினப் பெண் கலைஞர்களின் வரலாற்றை இந்த மேம்பாலத்தடியிலிருந்து தொடங்குவதில் ஒரு வசதி உண்டு. மூன்றும் அங்கே இருந்தன. வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், ஆட்டம் இருந்தது, படம்பிடிக்கக் கேமராவுடன் பார்பரா மெக்கலோ இருந்தார். இன்னொன்றும் இருந்தது: சும்மா வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர் என்று அங்கே எவரையும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி அம்சம்தான் முக்கியமானது என்பது என் கருத்து. இக்கலைஞர்கள் ஆற்றுதல் என்று சொல்லும்போது, தனியொரு நோயாளிக்கு மருந்து கொடுப்பதைச் சொல்லவில்லை. புண்ணுக்குக் காரணம் பொதுவில் இருக்கிறது, ஆகவே சிகிச்சையும் பொதுவில் நடக்கட்டும், வந்தவர்க்கெல்லாம் ஆளுக்கொரு வேலை இருக்கட்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு.

நெங்கூடி சிற்பத்தோடு நடனமும் படித்தவர். முதல் குழந்தை பிறந்தபின், பெண்ணுடல் விரிவதையும் தளர்வதையும் மீள்வதையும் எதைக்கொண்டு சிற்பமாக்குவது என்று தேடியபோது அவர் கைக்கு வந்தது பழைய நைலான் காலுறை. அதற்குள் மணலை நிரப்பி, இழுத்துச் சுவரில் ஆணியடித்தார். மணல் கனத்தில் நைலான் தொங்கும், முலைபோலவும் வயிறுபோலவும் திரளும். இழுத்தாலும் எளிதில் அறுந்துவிடாது. இந்த வரிசைக்கு ‘ஆர்.எஸ்.வி.பி.’ என்று பெயர். அழைப்பிதழின் கீழே பதில் கேட்டுப் போடும் அதே நான்கு எழுத்துகள். பதில் சொன்னவர் ஹாசிங்கர். நடனம் படிக்க ஆசைப்பட்டு பென்னிங்டன் கல்லூரியில் அந்தத் துறையில் இடம் கிடைக்காமல் சிற்பத்துக்குத் திரும்பியவர் அவர். நெங்கூடியின் காலுறைகளுக்குள் கையையும் காலையும் நுழைத்து, இழுத்து, சிக்கி, விடுபட்டு ஆடினார். சுவரில் தொங்கிய சிற்பம் ஆட்டத்துக்குத் துணையானது. இருவரின் இந்தக் கூட்டு பல பத்தாண்டுகள் நீண்டது.

மெக்கலோ மேம்பாலத்தடிக் கேமராவோடு நிற்கவில்லை. 1979இல் ‘வாட்டர் ரிச்சுவல் நம்பர் 1’ என்ற சுமார் ஆறு நிமிடப் படத்தை எடுத்தார். களம் வாட்ஸ் பகுதி. 1965 ஆகஸ்டில் 34 பேர் உயிரிழந்த கிளர்ச்சி நடந்த இடம். இன்னொரு விரைவுச்சாலைக்காக வீடுகளை அப்புறப்படுத்தி, பிறகு அப்படியே போட்டுவிட்டிருந்த நிலத்தில் ஒரு பெண் தன்னந்தனியாகச் சில சடங்குகளைச் செய்கிறாள். நடித்த யோலாண்டா விடாட்டோவும் மெக்கலோவும் சேர்ந்து உருவாக்கிய அசைவுகள் அவை. கடைசியில் அந்த இடிபாட்டு நிலத்தில் அவள் சிறுநீர் கழிக்கிறாள். சுத்திகரிப்புச் சடங்கு என்று துணைத்தலைப்பிலேயே சொல்லியிருக்கும் படத்தில், சுத்திகரிக்கும் நீர் அதுதான். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட நிலத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த நீர் வேறு எது?

இந்த வடிவத்தின் வேர் கலைக்கல்லூரிகளில் இல்லை. தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்டோர் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் பறையறைந்து ஆள் சேர்த்திருந்தார்கள். மறுஆண்டு வந்த நீக்ரோ சட்டம், அடிமைகள் பறையோ கொம்போ வைத்திருப்பதைத் தடை செய்தது. பறை போனது; தாளம் போகவில்லை. அது கைகளுக்கும் கால்களுக்கும் மரத்தரைக்கும் இடம் பெயர்ந்தது. கடலோரத் தீவுகளில் ‘ரிங் ஷவுட்’ என்ற வட்ட ஆட்டம் இப்படித்தான் காக்கப்பட்டது. ஆடுபவர்கள் இடஞ்சுழியாக வட்டமிட்டு நகர்வார்கள். பாதங்கள் தரையை உரசிக்கொண்டே போகும். ஒரு கால் மற்றொன்றைக் குறுக்கே தாண்டக் கூடாது. தாண்டினால் அது நடனம், நடனம் பாவம் என்று தேவாலயம் சொல்லியிருந்தது. தாண்டாமல் போனால் அது வழிபாடு.

ஜார்ஜியா மாநிலத்தின் போல்டன் என்ற சிற்றூரில் இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மெக்கின்டாஷ் கவுண்டி ஷவுட்டர்ஸ் என்ற பெயரில் அவ்வூர்க்காரர்கள் 1980 முதல் வெளிமேடைகளிலும் ஆடுகிறார்கள். அங்கே வேலைப் பங்கீடு துல்லியமானது. முன்பாட்டுக்காரர் ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர் துடைப்பக்கட்டை போன்ற கழியை மரத்தரையில் குத்தித் தாளம் போடுவார். பின்பாட்டுக்காரர்கள் கைதட்டி எதிர்க்குரல் கொடுப்பார்கள். நீண்ட பாவாடையணிந்த பெண்கள் வட்டமிடுவார்கள். கழி குத்துபவர் இல்லையென்றால் ஆட்டம் இல்லை; எதிர்க்குரல் இல்லையென்றால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். நம்மூர்க் கும்மியிலும் வட்டம் உண்டு, கைத்தாளம் உண்டு, முன்பாட்டும் பின்பாட்டும் உண்டு என்பதால் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள நமக்குச் சிரமமில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: அங்கே இந்த வட்டத்தைப் போட்டவர்கள், மறுநாள் காலையில் தம் பிள்ளை விற்கப்படலாம் என்ற நிலையில் இருந்தவர்கள்.

இத்தகைய சடங்காட்டங்களை முதலில் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர்களிலும் கறுப்பினப் பெண்கள் முன்நின்றார்கள். சிகாகோவில் மானிடவியல் படித்த கேத்தரின் டன்ஹம் 1935இல் ஒரு நல்கையுடன் ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி ஆகிய தீவுகளுக்குப் போனார். மார்ட்டினிக்கில் ஆடுபவர்கள் மோதிக்கொள்ளும் லாட்ஜா ஆட்டத்தைப் படச்சுருளில் பிடித்துவந்தார். அந்தப் படச்சுருள் 1938இல் சிகாகோ மேடையில் ‘லாக்யா’ என்ற நடன நாடகமாயிற்று. ஹெய்ட்டியில் வோடூ வழிபாட்டில் தீட்சையும் பெற்றுக்கொண்டார். எழுத்தாளராக அறியப்படும் ஸோரா நீல் ஹர்ஸ்டனும் மானிடவியலாளரே. அவர் 1940இல் தென் கரோலினாவின் போஃபர்ட் ஊரில் ஒரு சிறு தேவாலயத்தின் வழிபாட்டைப் படக்கருவியோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் பதிவு செய்யும் குழுவுக்குத் தலைமையேற்றார். பதிவு செய்யப் போனவர், தாளக்கருவியைக் கையிலெடுத்து அவர்களோடு தாமும் கலந்துகொண்டார். ஆய்வாளர் தள்ளி நின்று குறிப்பெடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. வட்டத்தின் விதி வேறு.

டன்ஹமின் பிற்கால வாழ்க்கை இன்னும் பொருத்தமானது. உலகமெங்கும் ஆடி முடித்தவர், 1967இல் இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில், ஆலைகள் மூடி வேலையும் போய் வன்முறை மலிந்திருந்த இடத்தில், நிகழ்கலைப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். தெருச்சண்டைக் குழுக்களில் இருந்த இளைஞர்களுக்குப் பறையும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தார். 1992இல், 82ஆம் வயதில், ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பியனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாநோன்பு இருந்தார். எந்தத் தீவு தனக்கு ஆட்டம் கற்றுத்தந்ததோ அதற்குப் பட்ட கடனைத் தீர்த்தார் என்றே இதைப் படிக்கிறேன்.

திரைப்படத்துக்கு வருவோம். 1970களில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த கறுப்பின மாணவர்களிடமிருந்து ஒரு மாற்றுச் சினிமா அலை எழுந்தது. சார்லஸ் பர்னெட், ஹைலே கெரிமா ஆகியோரை உலகம் அறியும். அதே கூட்டத்தில் மெக்கலோவும் ஜூலி டாஷும் இருந்தார்கள். டாஷ் 1975இல் எடுத்த ‘ஃபோர் விமன்’ ஏழு நிமிடப் படம். அதே தலைப்பில் நினா சிமோன் 1966இல் வெளியிட்ட பாடல்தான் அதன் ஒலி. நான்கு கறுப்பினப் பெண்கள், நான்கு நிறச் சாயல்கள், நான்கு வகைக் காயங்கள். சுமை தாங்கிய முதுகுடையவள், வல்லுறவில் பிறந்த கலப்பினத்தவள், உடலை விற்பவள், கோபம் தீராதவள். பாடல் வந்த புதிதில், கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டு நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன.

டாஷின் படத்தில் நான்கு பெண்களாகவும் ஆடுபவர் ஒருவரே: நடனக்கலைஞர் லிண்டா மார்ட்டினா யங். ஆடை மாறுகிறது, கூந்தல் மாறுகிறது, விளக்கின் வண்ணம் மாறுகிறது, முதுகெலும்பு நிற்கும் விதம் மாறுகிறது. உடல் ஒன்றுதான். நான்கு அச்சுகளில் வார்த்துவைத்த பெண்களை ஓர் உடல் வரிசையாக உடுத்திக் கழற்றும்போது, அவை அச்சுகள் என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடுகிறது. எந்த விளக்கவுரையும் இதைச் செய்திருக்க முடியாது. சிமோன் இந்தப் படப்பிடிப்பில் இல்லை. ஆனாலும் மூன்று பெண்களின் கூட்டுப் படைப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும். ஒருத்தி குரலை ஒன்பதாண்டு முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

1991இல் டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ வந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் பொதுவெளியீடு கண்ட, கறுப்பின அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் அது. செலவு சுமார் 8 லட்சம் டாலர். 1902இல் கடலோரத் தீவொன்றில் வாழும் பீசன்ட் குடும்பம் வடக்கே குடிபெயரப் புறப்படுகிறது. பாட்டி நானா வரமாட்டேன் என்கிறாள். பேத்திமுறையான யூலா வல்லுறவுக்கு ஆளானவள். வயிற்றில் இருப்பது யார் பிள்ளை என்று கணவன் உள்ளூர வேகிறான். பிறக்காத அந்தக் குழந்தையே கதையின் ஒரு பகுதியைச் சொல்கிறது. முடிவுக்கு அருகில் நானா ஒரு காப்புப்பொருள் செய்கிறாள். அடிமைக்காலத்தில் பிரிக்கப்பட்ட தன் தாய் விட்டுச்சென்ற முடிக்கற்றையையும் தன் முடியையும் பைபிளோடு சேர்த்துக் கட்டுகிறாள். ஒவ்வொருவராக வந்து அதை முத்தமிட்டுப் போக வேண்டும். சிலர் அழுதுகொண்டே முத்தமிடுகிறார்கள், சிலர் தயங்கித் தயங்கி வருகிறார்கள். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த ஹாகர் மட்டும் மறுத்துவிடுகிறாள். படத்தின் நேர்மை அந்த மறுப்பில் இருக்கிறது. சடங்கு எல்லோரையும் சேர்த்துவிடும் என்று டாஷ் பொய் சொல்லவில்லை.

அதே ஆண்டில் டாஷ் செய்த இன்னொரு வேலையைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஜவோலே வில்லா ஜோ ஸோலர் 1984இல் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் நடனக்குழு ‘அர்பன் புஷ் விமன்’. ஸோலரின் முதல் ஆசிரியர் டன்ஹமிடம் பயின்றவர். ஆகவே கொடி அறுபடவில்லை. இந்தக் குழுவில் ஆடுபவரே பாடுவார், பேசுவார், தரையை உதைப்பார். மூச்சு இரைத்தால் இரைப்பது கேட்கும். அதை மறைக்க இசையைக் கூட்டிவைக்க மாட்டார்கள். ஸோலரின் ‘பிரெய்ஸ் ஹவுஸ்’ 1990இல் மேடையேறியது. டாஷ் அதை 1991இல் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார். தீவுகளில் வட்ட ஆட்டம் நடந்த சிறு மரக்கூடங்களுக்குத்தான் பிரெய்ஸ் ஹவுஸ் என்று பெயர். செயின்ட் ஹெலினா தீவில் இன்னும் சில நிற்கின்றன.

அந்தப் படைப்புக்குத் தூண்டுகோல் மின்னி எவன்ஸ் என்ற ஓவியர். 1892இல் வட கரோலினாவில் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். கனவில் கண்டவற்றை 1935ஆம் ஆண்டுப் புனித வெள்ளியன்று காகிதத்தில் வரையத் தொடங்கினார். கண்களும் பூக்களும் தேவதைகளும் சரிசமமாக இருபுறமும் விரியும் ஓவியங்கள். 1948 முதல் 1974 வரை வில்மிங்டன் நகரின் ஏர்லி தோட்டத்தில் வாயிற்காவல் வேலை பார்த்தபடி வரைந்தார். ஸோலரும் டாஷும் அவர் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறைகளை முன்வைத்து, கனவு காணும் வரம் ஒரு வீட்டில் ஒருத்திக்கு எப்படிச் சுமையாகிறது, இன்னொருத்தியை எப்படி அஞ்சி ஒதுங்க வைக்கிறது, மூன்றாமவளிடம் எப்படி ஊற்றெடுக்கிறது என்று ஆட்டத்தில் கேட்டார்கள். ஓவியர் ஒருவர், நடனக்காரர் ஒருவர், படமெடுப்பவர் ஒருவர். மூவரும் பெண்கள், மூவரும் கறுப்பினத்தவர். இத்தலைப்பில் ஒரே ஒரு படைப்பைப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மேடையில் இதற்கு முன்னோடி என்டொசாகே ஷாங்கே. 1974 டிசம்பரில் பெர்க்லி அருகே ஒரு பெண்கள் மதுக்கூடத்தில், நடனக்கலைஞர் பவுலா மாஸும் சில இசைக்கலைஞர்களும் துணையாக, தன் கவிதைகளை ஆடியும் சொல்லியும் பார்த்தார். அது வளர்ந்து ஏழு நிற உடையில் ஏழு பெண்கள் தோன்றும் ‘ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்’ ஆயிற்று. 1976இல் பிராட்வே ஏறி 742 முறை நிகழ்ந்தது. தற்கொலை எண்ணத்தை வெளிப்படையாகப் பேசிய அந்த நாடகம், பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஆற்றுவதில் முடிகிறது. கறுப்பின ஆண்களை மோசமாகக் காட்டுகிறது என்று அன்று கடும் வசை எழுந்தது. மேம்பாலத்தடிச் சடங்குக்கும் இந்தச் சண்டைக்கும் இடையே இரண்டே ஆண்டு இடைவெளி என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நெங்கூடி ஆற்ற முயன்ற விரிசல் எவ்வளவு பச்சையாக இருந்தது என்பது புரியும்.

டோனி கேட் பம்பாரா 1980இல் வெளியிட்ட ‘தி சால்ட் ஈட்டர்ஸ்’ நாவலையும் இங்கே சொல்லியாக வேண்டும். போராட்டங்களில் ஓடி ஓடித் தேய்ந்துபோய்த் தற்கொலைக்கு முயன்ற வெல்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மின்னி ரான்சம் என்ற மருத்துவச்சி. சுற்றிலும் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று துணைசெய்கிறார்கள். மருத்துவச்சி மந்திரத்தில் தொடங்கவில்லை. குணமாக உனக்கு உண்மையிலேயே விருப்பமா என்று கேட்டுத் தொடங்குகிறாள். குணமானால் பொறுப்பும் கூடவே வரும் என்று எச்சரிக்கவும் செய்கிறாள். நாவல் முழுவதும் கிட்டத்தட்ட அந்த ஓர் அமர்வுதான். பின்னாளில் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ படத்தைப் பற்றி வந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் இதே பம்பாரா.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1967 ஜூலையில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் இறந்தபோது மனைவி ஆலிஸுக்கு வயது 29, நான்கு பிள்ளைகள். ஜான் தருவித்த யாழ், அவர் போனபின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தூக்கம் போய், உடல் இளைத்து, மனம் கலங்கி இருந்த அந்த நாட்களில் அவருக்குத் துணையானவர் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1971இல் வெளியான ஆலிஸின் புகழ்பெற்ற இசைத்தட்டின் தலைப்பிலேயே சச்சிதானந்தர் பெயர் இருக்கிறது. 1983இல் கலிபோர்னியாவின் அகோரா ஹில்ஸ் மலைப்பகுதியில் ஆலிஸ் தம் ஆசிரமத்தை அமைத்தார். ஞாயிறுதோறும் அவர் ஆர்கன் வாசிக்க, கூடியிருந்தவர்கள் பஜனைகளை டெட்ராய்ட் தேவாலயப் பாணியில் கைதட்டிப் பாடினார்கள். டெட்ராய்ட்தான் அவர் பிறந்து, தேவாலயத்தில் வாசித்து வளர்ந்த ஊர். சம்ஸ்கிருதச் சொல், காஸ்பெல் தாளம். அங்கே பதிவான ஒலிநாடாக்கள் அடியார்களுக்குள் மட்டுமே புழங்கி, 2017இல்தான் பொதுவெளியீடு கண்டன. 2018 நவம்பர் காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோனது.

இனி ஒரு மருத்துவமனைக் காத்திருப்பறை. 2008 ஜூன் மாதம், புரூக்ளினில் உள்ள கிங்ஸ் கவுண்டி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஜமைக்காவிலிருந்து வந்த 49 வயது எஸ்மின் எலிசபெத் கிரீன் சுமார் 24 மணி நேரம் நாற்காலியில் காத்திருந்தார். விடியற்காலை சரிந்து விழுந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தரையிலேயே கிடந்தார். காவலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி இறந்தார் என்றது பிரேதப் பரிசோதனை. அசையாமல் இருந்ததும் காரணங்களில் ஒன்று. இவை எல்லாவற்றையும் கண்காணிப்புக் கேமரா பதிந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு படம்தான். பார்வை இருந்தது, பார்த்தவருக்கு வேலை என்று எதுவும் இல்லை.

சிற்பி சிமோன் லீ 2016இல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் ‘தி வெயிட்டிங் ரூம்’ என்ற படைப்பை அமைத்தபோது எஸ்மின் கிரீனின் மரணத்தை மையத்தில் வைத்தார். கூடத்தில் மூலிகை மருந்துக்கடை இருந்தது, தியானம் இருந்தது, பறையும் ஆட்டமும் இருந்தன. காணொளிகள் ஓடின. அருங்காட்சியகம் மூடிய நேரத்தில், வெளியே அறிவிக்காமல், கறுப்பின மக்களுக்கென்று தனி அமர்வுகள் நடந்தன. அந்த ஜூலையில் பேட்டன் ரூஜில் ஆல்டன் ஸ்டெர்லிங்கும், மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீலும் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். லீ தமக்குக் கிடைத்திருந்த இடத்தைப் பிறருக்குத் திறந்துவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண் கலைஞர்கள் கூடி ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். செப்டம்பர் 1 அன்று அதே கட்டடம் முழுவதும் பாட்டும் படமும் ஆட்டமும் பட்டறைகளுமாக நிரம்பியது.

அருங்காட்சியகத்தில் மூலிகை கொடுத்தால் ஆஸ்பத்திரி திருந்திவிடுமா என்று கேட்பது நியாயமே. திருந்தாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2023 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைப்பேறுகளுக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3, வெள்ளையினத் தாய்மாருக்கு 14.5. எந்த நடனமும் அந்த இடைவெளியை மூடாது. இனப்பாகுபாட்டின் தொடர் அழுத்தம் கறுப்பினப் பெண்களின் உடலை வயதுக்கு முன்பே தேய்க்கிறது என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இலேயே முன்வைத்தார். தேய்ப்பது எதுவோ அதை நிறுத்தாமல் தேய்ந்த இடத்தில் எண்ணெய் தடவுவது ஏமாற்று. இன்று ஆற்றுதல் என்ற பெயரில் அரங்குகளில் நடக்கும் மெழுகுவத்தி, மணியோசை, மெத்தை விரிப்பு நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு இந்தக் கண்டனம் பொருந்தும். புண்ணின் காரணத்தைச் சொல்லாதவை அவை. வந்தவரை வாடிக்கையாளராக உட்கார வைப்பவை.

லீயின் அறைக்கு அது பொருந்தாது. காரணத்தை அவர் ஒரு பெண்ணின் பெயரோடு சொன்னார். ஸோலரின் குழு 1997இல் தொடங்கிய கோடைக்காலத் தலைமைப் பயிற்சி முகாமுக்கும் பொருந்தாது. அங்கே ஆடுபவர்கள், ஆசிரியர்கள், குடியிருப்பு அமைப்பாளர்கள் எல்லோரும் ஒன்றாகக் கலந்து, தம் ஊர்ப் பிரச்சினையைக் கையாளும் வழிகளைக் கற்கிறார்கள். பெர்னிஸ் ஜான்சன் ரீகனுக்கு நிச்சயமாகப் பொருந்தாது. 1961இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் ஊர்வலம் போய்ச் சிறைப்பட்டு, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 1973இல் அவர் தொடங்கிய ‘ஸ்வீட் ஹனி இன் தி ராக்’ பெண்கள் குழுவில் வாத்தியம் பேருக்கு. குரலும் கைத்தாளமும்தான் முழு இசை. காது கேளாதவர்களும் கூடத்தில் இருப்பார்கள் என்பதால் சைகைமொழி பெயர்ப்பாளர் ஷர்லி சில்ட்ரஸ் சாக்ஸ்டன் மேடையில் குழுவின் உறுப்பினராகவே நின்றார். ஒலியைக் கையசைவாக்கிக் காட்டிய அவரை ஒப்புக்குச் சேர்த்த ஆள் என்று எவரும் நினைத்ததில்லை.

காசு விஷயத்தில் கதை வேறு. 2016இல் பியான்சேயின் ‘லெமனேட்’ படம் வந்தபோது, வெள்ளுடைப் பெண்களும் தீவுக் கரையும் எங்கிருந்து வந்தன என்று உலகம் தேடி டாஷின் பழைய படத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு அது புதுப்பிக்கப்பட்டு மறுவெளியீடும் கண்டது. ஆனால் 1991க்குப் பிறகு டாஷுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான். புகழ் திரும்பி வந்தது, படம் எடுக்கப் பணம் வரவில்லை. 2022இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் இரண்டு தங்கச் சிங்க விருதுகளைச் சிமோன் லீயும், ஐந்து கறுப்பினப் பெண் இசைக்கலைஞர்களைப் படமெடுத்த பிரிட்டனின் சோனியா பாய்ஸும் பெற்றார்கள். அதே ஏப்ரலில் ஷாங்கேயின் நாடகம் கமீல் ஏ. பிரவுனின் இயக்கத்தில் பிராட்வே திரும்பியது. இயக்கம், நடன அமைப்பு இரண்டையும் ஒரு கறுப்பினப் பெண்ணே பிராட்வேயில் செய்தது 1955இல் கேத்தரின் டன்ஹமுக்குப் பிறகு அதுவே முதல்முறை. ஏழு பெண்களில் ஒருவர் காது கேளாதவர், சைகைமொழியில் ஆடினார். இன்னொருவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. விமர்சகர்கள் பாராட்டினார்கள், நுழைவுச்சீட்டு விற்கவில்லை. மே 22இல் மூடுவதாக அறிவித்து, ரசிகர்கள் திரட்டிய ஆதரவால் இரண்டு வாரம் நீட்டி, ஜூன் 5 அன்று நிறுத்தினார்கள். டோனி விருதுக்கு ஏழு பரிந்துரைகள் இருந்தன. ஜூன் 12 விழாவில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.